சூடேறாத பிரேக்

வண்டியை ஓடவைக்க அந்த வரிசையில் பத்துக் கடை இருந்தது. நிறுத்தவைக்க ஒரே ஒரு கடைதான். அதனால் அந்தக் கடைக்காரருக்குப் பிரேக்காரர் என்றே பேர் விழுந்துவிட்டது. இஞ்சின் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கமாட்டார். பெயின்ட், டிங்கர் எதுவும் கிடையாது. சக்கரத்தைக் கழற்று, அதோடு சுற்றும் டிஸ்கைத் தடவிப் பார், டிஸ்கைக் கவ்வி நிறுத்தும் பேடைப் பார், குழாயைப் பார், எண்ணெயைப் பார், மாட்டு. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. கரித்தூள் நகத்துக்கடியில் ஏறி நகமே கறுப்பாகிவிட்டது. அவர் பிட்டுத் தருகிற ரொட்டியில்கூடக் கறுப்பு ரேகை விழுவதாக அவர் மனைவி சொல்லுவாள். சொல்லிவிட்டு அந்தத் துண்டைத்தான் எடுத்துத் தின்பாள்.

கடை தகரக்கூரை. அங்கே வருஷத்தில் பாதி நாள் தூறல்தான். மழை விழுந்தால் உள்ளே பேசுவது கேட்காது, கத்தத்தான் வேண்டும். பின்சுவருக்கு அந்தப்பக்கம் சரக்கு ரயில் போகும்போது ஆணியில் தொங்கும் ஸ்பானர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

தாயும் தகப்பனும் போன பிறகு அவருக்கென்று மிஞ்சியது ஒரு தங்கை. அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலை ஷிஃப்ட். ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். வார்டுகளிலிருந்து இறங்கிவரும் விரிப்புகளைப் பிரித்து, கறைக்கு ஒரு தொட்டி, சாதாரணத்துக்கு ஒரு தொட்டி என்று போட்டு, ஆவியில் வெந்து வெளியே வரும்போது மணி இரண்டாகிவிடும். அவள் புருஷன் மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளர். கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். நல்ல மனுஷன்தான், குடி கிடையாது, குரல் உயராது. வாரம் பூராவும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நடப்பவர், மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வேறு ஆளாகிவிடுவார். ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில் ஒரு டிராக் போட்டிருந்தார்கள். பதிவு செய்துகொண்டால் யாரும் சொந்தக் காரைக் கொண்டுபோய், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, மனம்போல ஓட்டலாம். பரிசு, கோப்பை ஒன்றும் இல்லை. ஓட்டிவிட்டு வரலாம், அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கு அந்த அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

வீட்டில் இருந்தது ஒரே கார், பத்து வயசான சிவப்புக் கார். வாரத்தில் ஆறு நாள் தங்கை அதில் சலவைக்கூடத்துக்குப் போவாள். டிராக் ஞாயிறில் அது மாப்பிள்ளையுடையது.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை முகம் வெளுத்துப்போய்க் கடைக்கு வந்தார்.

"மச்சான், மூணாவது சுத்துலயே பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது. மிதிக்கிறேன், தரையத் தொடுது. நேரா மணல்ல போய்த்தான் நின்னேன். பக்கத்துல இரும்புத் தடுப்பு ஒரு முழம்."

பிரேக்காரர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். டிஸ்க் நீலம் பூத்திருந்தது. பேடின் ஓரம் கருகிப் பொரிந்திருந்தது. எண்ணெயை ஒரு சொட்டு விரலில் எடுத்தார். டீத்தண்ணி நிறம்.

"கொதிச்சிருக்கு மாப்ள. எண்ணெய் கொதிச்சா உள்ள குமிழி. குமிழிய மிதிச்சா வண்டி எப்படி நிக்கும்?"

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இரண்டு வாரம் நடந்தது. மாப்பிள்ளைக்குப் படம் பார்த்துப் பார்த்துப் பெரிய டிஸ்க், பேடை அழுத்திப் பிடிக்க ஆறு பிஸ்டன் வைத்த சிவப்பு காலிப்பர் என்று ஆசை வளர்ந்திருந்தது. அது அந்தச் சக்கரத்துக்குள் நுழையாது, சக்கரத்தையும் மாற்ற வேண்டும், அப்புறம் வண்டி குதிரை மாதிரித் துள்ளும் என்றார் பிரேக்காரர். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, ஆனால் சூட்டில் ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு விரிசல் ஓடும், அதுவும் வேண்டாம் என்றார். கொதிக்காத நல்ல எண்ணெய், வீங்காத கம்பிப் பின்னல் குழாய், டிஸ்குக்குக் காற்று வர முன்பக்கத் தகரத்தில் ஒரு துளை, இவ்வளவு செய்தால் பாதி வேலை முடிந்தது என்று விளக்கினார். மிச்சப் பாதி பேடு.

மேஜையைத் துடைத்துவிட்டு மூன்று பேடுகளை வரிசையாக வைத்தார். இந்த இடத்தில் அவருக்குக் குஷி வந்துவிடும்.

"இது சாதா பேடு. வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. கூப்பிட்ட குரலுக்கு வரும், கொஞ்சம் வேலை வாங்கினா படுத்துக்கும். இது நடுவாந்தரம். ரோட்டுக்கும் தலையாட்டும், டிராக்குக்கும் தலையாட்டும். கீச்சுக்கீச்சுன்னு கத்தும், தூசி கொட்டும். இந்த மூணாவது இருக்கே, சுத்த டிராக் சாமான். சூடேறிட்டா பிசாசுப் பிடி. ஆறிக் கெடந்தா வெறும் கட்டை. காலைல முதல் ரெண்டு மூணு மிதிக்கு அது உங்க பேச்சக் கேக்காது."

"இதுதான் வேணும் மச்சான்."

"நடுவாந்தரம் போதும் மாப்ள."

"இரும்புத் தடுப்பு ஒரு முழத்துல இருந்துச்சுன்னு சொன்னேன்ல?"

பிரேக்காரர் மூணாவது பேடு வந்த பெட்டியை எடுத்துத் திருப்பினார். அந்தப் பெட்டியின் மேல் 'டிராக்குக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடை உரிமத்தில், சாலைக்கு ஒப்புக்கொண்ட சாமானைத்தான் மாட்ட வேண்டும் என்று இருந்தது. கடைசியில் இருவருமாகச் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். டிராக் நாளுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் வந்து மூணாவதைப் போட்டுக்கொள்வது, ஞாயிறு சாயங்காலம் டிராக்கிலிருந்து நேரே கடைக்கு வந்து கழற்றிவிட்டுச் சாதா பேடைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவது. இடையில் வேறு எங்கும் போகக்கூடாது. தங்கச்சி புருஷனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று பிரேக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மூன்று மாதம் அப்படியே நடந்தது. மாப்பிள்ளை கண்ணில் வெளிச்சத்தோடு வந்து இறங்குவார். எந்த வளைவுக்கு எத்தனை அடிக்கு முன்னால் மிதித்தேன் என்று கையால் வரைந்து காட்டுவார். இவர் கொதிக்கும் டிஸ்கைக் கையால் தொடாமல் ஆற விட்டு, டீ வாங்கிக் கொடுத்து, மெல்லக் கழற்றுவார். இருவரும் ஒருவரையொருவர் ரொம்பவும் விரும்பிய காலம் அது என்றே சொல்லலாம்.

நாலாவது டிராக் ஞாயிறு, காலையிலிருந்து மழை. சாயங்காலம் பிரேக்காரர் கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். போன் வந்தது.

"மச்சான், உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. மழை வேற. வீட்டுக்கே வந்துட்டேன். புதன்கிழமை வந்து மாத்திக்கிறேனே."

பிரேக்காரர் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். "சரி மாப்ள. பாத்து, மெதுவா ஓட்டுங்க" என்றார். போனை வைத்துவிட்டு மிச்ச ஓட்டையும் உரித்து, உப்புத் தொட்டுத் தின்றார். திங்கட்கிழமை விடிகாலையில் அந்த வண்டியை யார் எடுப்பார்கள் என்பது அவர் நினைப்பிலேயே வரவில்லை. பின்னால் அந்த நிமிஷத்தை எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். நினைத்தும் சொல்லாமல் விட்டோமோ என்று தேடினார். இல்லை. நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

தங்கை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினாள். ராத்திரி முழுக்க மழையில் நின்ற வண்டி. அவர்கள் தெரு ஒரு சின்ன இறக்கமாக இறங்கி ரொட்டிக்கடை முனையில் முடியும். ரொட்டிக்கடையில் விளக்கு எரிந்தது. கடைச் சுவரை ஒட்டித் தையல்காரம்மா குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த முனையிலேயே ஒரு சிறிய அறை, ஒரு கால்மிதி மெஷின். சலவைக்கூடத்துப் பெண்களின் சீருடையெல்லாம் அவள் கை பட்டதுதான். தங்கை அவளைத் தூரத்திலேயே பார்த்தாள். தலையாட்டக்கூட நினைத்தாள். பிறகு திரும்புவதற்காகப் பிரேக்கை மிதித்தாள்.

"கல்ல மிதிச்ச மாதிரி இருந்துச்சு. நான் மிதிக்கிறேன், அது போய்க்கிட்டே இருக்கு" என்று அன்றைக்குப் போலீஸ்காரரிடம் சொன்னாள். அதையேதான் ஆஸ்பத்திரியிலும் சொன்னாள். பிறகு சொல்வது குறைந்தது.

காரின் மூக்குக்கும் சுவருக்கும் நடுவே தையல்காரம்மாவின் வலதுகால் மாட்டிக்கொண்டது. மூன்றாம் நாள், தங்கை வேலைபார்க்கும் அதே ஆஸ்பத்திரியில், அதை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வாகன ஆய்வாளர் வந்து வண்டியைப் பார்த்தார். மத்தியான வெயிலில் போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் ஐந்தாறு சுற்று ஓட்டி, மிதித்து மிதித்துப் பார்த்தார். வண்டி மிதித்த இடத்திலேயே நின்றது. பேடு தடிமனாக இருக்கிறது, டிஸ்க் நன்றாக இருக்கிறது, எண்ணெய் புதுசு. பிரேக்கில் குறையில்லை என்று எழுதிவிட்டார். பிரேக்கில் குறையில்லை என்றால் ஓட்டினவளிடம்தானே குறை. பதற்றத்தில் கால் மாறி ஆக்ஸிலேட்டரை மிதித்திருப்பாள் என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் சொல்ல ஆரம்பித்தார்கள். பெண்பிள்ளை ஓட்டினால் அப்படித்தான் என்று ரொட்டிக்கடை வாசலில் நின்று பேசினார்கள்.

மாப்பிள்ளை கடைக்கு வந்தார். மழை தகரத்தில் கொட்டியது. கத்திப் பேச முடியாத பேச்சு என்பதால் காதருகே வந்து பேசினார். யாராவது கேட்டால் சாதா பேடுதான் போட்டிருந்தது என்று சொல்லிவிடச் சொன்னார். ஆய்வாளரே குறையில்லை என்று எழுதிவிட்டார், இனிமேல் கிளறினால் தன் வேலையும் போகும், உங்கள் உரிமமும் போகும், இரண்டு குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும் என்றார். பிரேக்காரர் கேட்டார்:

"அவகிட்டச் சொன்னீங்களா மாப்ள? பேடு மாத்தலன்னு?"

"அவளுக்கு என்னத்தத் தெரியும் மச்சான். கால் மாறிப்போச்சோன்னு அவளே சொல்ல ஆரம்பிச்சுட்டா."

அதைச் சொல்லும்போது மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. பிரேக்காரர் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டை என்பார்களே, அப்படி நின்றார். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். பிரேக்காரர் கடையைத் திறந்தார், சக்கரம் கழற்றினார், மாட்டினார். மாட்டிய நட்டை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் முறுக்கிப் பார்த்தார். ராத்திரி ரொட்டியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். மனைவி கேட்டதற்குத் தூசி என்றார். தூசி இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டு, மேலே கேட்காமல் விட்டாள்.

பத்தாம் நாள் அவள் ஒரு பாத்திரத்தில் கிழங்கு வேகவைத்துக் கொடுத்து, தங்கச்சியைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினாள். வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மாப்பிள்ளை கிடங்கிலிருந்து வரவில்லை. சமையலறையில் தங்கை முதுகைக் காட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை. குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரையில் இரண்டு ஓடுகளின் மேல் சாக்கட்டியால் இரண்டு கட்டம் போட்டிருந்தாள். வலதுகாலைத் தூக்கி ஒரு கட்டத்தில் வைத்தாள். எடுத்தாள். நகர்த்தி அடுத்ததில் அழுத்தினாள். மறுபடி. மறுபடி. ஒவ்வொரு தடவையும் கால் சரியான இடத்துக்குத்தான் போயிற்று. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. திடீரென்று பார்க்காத மாதிரி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சட்டென்று அழுத்திவிட்டு, கால் எங்கே போயிருக்கிறது என்று குனிந்து பார்த்தாள்.

பிரேக்காரர் பாத்திரத்தை வாசற்படியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பினார். நேரே ஸ்டேஷனுக்கு நடந்தார்.

வாகன ஆய்வாளருக்கு அறை ஸ்டேஷனிலேயேதான். வயசானவர், இருமல்காரர். ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. முடிந்துபோன காகிதத்தை மறுபடி பிரிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. தானே ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னார்.

"ஓட்டிப் பாத்தீங்க ஐயா. அஞ்சு சுத்து ஓட்டி, சூடேத்திட்டுப் பாத்தீங்க. ராத்திரி வெளிய நிக்கட்டும். விடிகாலைல யாரும் தொடாம, முதல் மிதி மிதிச்சுப் பாருங்க."

"நீ யாருய்யா?"

"அந்தப் பிரேக்க மாட்டினவன்."

ஆய்வாளர் அவருடைய கறுத்த நகங்களைப் பார்த்தார். காலையில் வா என்றார்.

காலையில் முற்றம் நனைந்து கிடந்தது. மூச்சு புகையாகப் போயிற்று. பிரேக்காரர் முற்றத்து மரத்திலிருந்து அளந்து நடந்து, வண்டி நின்றாக வேண்டிய இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அப்பால் பழைய டயர்களை அடுக்கினார். ஆய்வாளர் சால்வையோடு ஏறி உட்கார்ந்து, சலவைக்கூடத்துக்குப் போகிற ஒருத்தி எவ்வளவு வேகத்தில் போவாளோ அந்த வேகத்தில் வந்தார். மரத்தடியில் மிதித்தார். மிதித்தது பின்விளக்கில் தெரிந்தது. கார் கோட்டைத் தாண்டிற்று. அவசரப்படாமல், வழுக்கிக்கொண்டு வந்து டயர்களுக்குள் மூக்கை நுழைத்தது. மேலே இருந்த டயர் உருண்டு முற்றத்தின் மூலைவரை போய் விழுந்தது.

ஆய்வாளர் உடனே இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடியே இருந்தார்.

"மிதிச்சேன்யா" என்றார். "நல்லாத்தான் மிதிச்சேன்." இருமல் வந்து, அடங்கினபின் கேட்டார். "இத மாட்டினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் ஐயா."

எழுதிக்கொண்டார்கள். தங்கை மேல் இருந்த வழக்கு தளர்ந்து மாப்பிள்ளை பக்கமும் பிரேக்காரர் பக்கமும் திரும்பியது. கடை வாசலில் காகிதம் ஒட்டிப் பூட்டினார்கள். பிற்பாடு அவர் லாரி ஷெட்டில் கூலிக்குச் சக்கரம் கழற்றப் போனார், இன்னமும் அங்கேதான் இருக்கிறார். மாப்பிள்ளைக்குக் கிடங்கில் மேற்பார்வை போய்ச் சுமை தூக்கும் பக்கம் போட்டார்கள். மச்சானை அவர் தெருவில் பார்த்தால் அடுத்த ஓரத்துக்குப் போய்விடுவார். அதெல்லாம் பிறகு.

சோதித்துப் பார்த்த அன்றைக்குக் காலையில் பிரேக்காரர் ஸ்டேஷனிலிருந்து நேரே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போனார். தங்கை இப்போது நடந்துதான் வேலைக்கு வருகிறாள், முக்கால் மணி நேரம். பின்முற்றத்தில் நின்று, இன்னொருத்தியோடு சேர்ந்து விரிப்பின் முனைகளைப் பிடித்து உதறி மடித்துக்கொண்டிருந்தாள். கைகள் ஆவியில் வெந்து வெளிறியிருந்தன. அண்ணனைக் கண்டதும் மற்றவள் விலகிப் போனாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மூணாவது பேடு என்ன, சாதா பேடு என்ன, ஞாயிறு போன், மாப்பிள்ளை காதருகே வந்து பேசியது, ஒன்பது நாள், முற்றத்துக் கோடு. கடைசியில், "உன் கால் மாறல. நீ சரியாத்தான் மிதிச்சே" என்றார். அதைக் கேட்டதும் அவள் அழுவாள், மாரில் சாய்வாள், பாரம் இறங்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

அவள் அழவில்லை. கையிலிருந்த விரிப்பைத் தானே நாலாக, எட்டாக மடித்துக் கூடையில் வைத்தாள்.

"ரெண்டு வாரம் பேசினீங்க, இல்ல?"

"ம்."

"டிஸ்க் எது, எண்ணெய் எது, பேடு எதுன்னு நீயும் அவரும் ரெண்டு வாரம் உக்காந்து பேசினீங்க. வாரத்துல ஆறு நாள் அந்த வண்டிய ஓட்டினது யாரு அண்ணா?"

அவள் அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

"ஒரு வார்த்த. இன்னைக்கு எடுக்காத, பஸ்ஸுல போன்னு ஒரு வார்த்த. அவர் சொல்லல, சரி. நீ என் கூடப்பொறந்தவன். உனக்கு என் ஞாபகமே வரலையா?"

வரவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. வேறு எதைச் சொன்னாலும் பொய்யாகியிருக்கும். சொன்னார். அவள் தலையை ஆட்டினாள், ஏதோ பல நாளாகத் தெரியாமலிருந்த ஒரு சின்ன விஷயம் தெரிந்துகொண்டவள் மாதிரி.

"மூணாவது மாடி விரிப்பு தினமும் என் தொட்டிக்குத்தான் வருது" என்றாள். "அந்தம்மா கட்டில் விரிப்பு எதுன்னு எனக்குத் தெரியும். தினமும் மேல போய் வார்டு வாசல் வரைக்கும் நிக்கிறேன். உள்ள போக முடியல. என்னன்னு சொல்லுவேன்? கால் மாறிப்போச்சும்மான்னா? வா. நீயே வந்து சொல்லு."

மாடிப்படி ஏறும்போது அவள் முன்னால் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தையல்காரம்மா தலையணைகளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். விரிப்பு வலதுபக்கம் பாதியிலேயே தாழ்ந்து தட்டையாகிவிட்டிருந்தது. தங்கை கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். பிரேக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை பேடு வகையெல்லாம் சொல்லவில்லை. மாட்டக்கூடாததை மாட்டினேன், கழற்ற வேண்டிய நாளில் கழற்றவில்லை, சொல்ல வேண்டியவளிடம் சொல்லவில்லை என்றார். மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு சின்னதா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

தையல்காரம்மா கண்ணைத் திறந்து, கால்மாட்டில் நின்றவளைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். பிறகு கேட்டாள்:

"அப்போ இந்தப் பொண்ணு மிதிச்சாளா?"

"மிதிச்சாம்மா."

"நான் அவ மூஞ்சியப் பாத்தேன்" என்றாள் தையல்காரம்மா. "கண்ணாடிக்குள்ள. நிறுத்தத்தான் பாத்தா. பாத்துட்டே இருந்தேன், நிறுத்துவான்னுதான் நானும் நகராம நின்னேன். எல்லாரும் வந்து வேற மாதிரி சொன்னாங்க. எனக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சோன்னு கெடந்தேன்."

தங்கை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. பிரேக்காரர் ஒரு எட்டு அவள் பக்கம் வைத்தார்.

"நீ போப்பா" என்றாள் தையல்காரம்மா. குரலில் கோபம்கூட இல்லை. "அவ இருக்கட்டும்."

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. நாற்காலியை இழுத்துக் கட்டிலோரமாகப் போட்டு, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். பிரேக்காரர் வார்டைத் தாண்டி, படியிறங்கி, மழைக்குள் நடந்தார்.